கடைசி இணைப்பை ஒட்டியவர்

டிசம்பர் முதல் வாரத்தில் மின் கூட்டுறவுச் சங்கத்தின் கள ஆய்வாளர் இருவரில் ஒருவர் முழங்கால் அறுவை செய்துகொண்டு படுத்துவிட்டார். அவர் பங்கு வீடுகளும் மற்ற ஆய்வாளரான ரெனே டோலஃப்சனின் தலையில் விழுந்தன. மொத்தம் பதினொரு வீடுகள். எல்லாம் அந்த வருஷம் நிலவெப்ப இயந்திரம் வைத்தவை.

மின்னசோட்டாவின் வடமேற்கு மூலையில் அந்தச் சில வருஷங்களாக இதே பேச்சுதான். மண்ணுக்குள் எட்டடி ஆழத்தில் கறுப்புக் குழாயைச் சுற்றிச் சுற்றிப் பதித்து, அதில் தண்ணீரை ஓட்டி, பூமியின் சூட்டை வீட்டுக்குள் இழுத்துவிட்டால் எரிவாயு லாரியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. செலவென்னவோ பெரிய செலவுதான். ஆனால் வாஷிங்டன்காரர்கள் அதில் முப்பது சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ள விட்டார்கள். சங்கம் தன் பங்குக்கு இயந்திரத்தின் அளவைப் பார்த்து ஆயிரத்து அறுநூறு, இரண்டாயிரம் டாலர் என்று மானியம் தந்தது. அதைவிடப் பெரிய ஆசை, அந்த இயந்திரத்துக்கு ஓடுகிற மின்சாரத்துக்குப் பாதி விலைதான் என்பது. சங்கம் தருவதெல்லாம் ஆய்வாளர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும். அதுவும் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள். ஜனவரியிலிருந்து மானியத்தைப் பாதியாகக் குறைப்பதாக நிர்வாகக் குழு முடிவெடுத்திருந்தது.

மேலாளர் ராண்டல் பட்டியலை அவளிடம் கொடுக்கும்போது ஒன்பதாவது பெயரின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஒண்ணை மட்டும் நான் பாத்துக்கறேன் ரெனே."

"விரலை எடு ராண்டல்."

எடுத்தார். கோர்டி நெல்லர்மோ.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள். "வீடு வீடா போறதுல அதுவும் ஒரு வீடு."

அவள் சொன்னது பொய்யில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், அக்டோபரில், சர்க்கரை ஆலைக்கான பீட்ரூட் அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில், மண்சாலைகள் குறுக்கிடும் ஓர் இடத்தில், கோர்டி நெல்லர்மோவின் பீட்ரூட் லாரி அவளுடைய மகள் ப்ரிட்டாவின் காரை மோதியது. ப்ரிட்டாவுக்குப் பத்தொன்பது வயது. முதியோர் இல்லத்தில் காலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்று முதல் ரெனேவுக்கு எதுவுமே எதுவாகவும் இல்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், கேட்டால் பதில் சொன்னாள். தன் முறை வந்தபோது சர்ச்சுக்குக் கேக் சுட்டுக் கொண்டுபோனாள். ஒருமுறை அடுப்பிலிருந்து தட்டை வெறும் கையால் எடுத்துவிட்டு, தோல் பொரிந்த பிறகுதான் கவனித்தாள்.

லாரிக்காரர் மேல் வழக்கு எதுவும் வரவில்லை. 'நில்' பலகை ப்ரிட்டாவின் பக்கம்தான் இருந்தது. அவள் நிற்காமல் வந்தாள் என்று கோர்டி ஷெரிஃபிடம் சொல்லியிருந்தார். பார்த்தவர்கள் வேறு யாருமில்லை. ரெனேவும் அவள் கணவன் கர்ட்டும் அதை நம்பவில்லை. ப்ரிட்டாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே ரெனேதான். ஈ காக்கை இல்லாத சாலையிலும் பலகையைக் கண்டால் முழுசாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள் அந்தப் பெண். அறுவடை நாளில் பகலென்றும் இரவென்றும் பாராமல் லாரி ஓட்டுகிற ஆள் சக்கரத்தின் பின்னால் கண் அசந்திருப்பான், செத்தவள் வந்து சாட்சி சொல்லமாட்டாள் என்று பழியை அவள் மேல் போட்டுவிட்டான் என்பது கர்ட்டின் கட்சி. அந்தப் பெயரை அவன் வாயால் சொல்வதே இல்லை. 'அந்த ஆளு' என்பான். ரெனே மறுத்துப் பேசியதில்லை.

நெல்லர்மோ வீட்டுக்கு அவள் போனது டிசம்பர் பத்தாம் தேதி. கதவைத் திறந்தவர் கோர்டியேதான். அறுபது வயதிருக்கும். உயரமான ஆள், தோள் மட்டும் கொஞ்சம் முன்னால் வளைந்திருந்தது. அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். பிறகு வீட்டுக்குள்தானே நிற்கிறோம், எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ராண்டல் வருவார்னு நெனச்சேன்," என்றார்.

"நான்தான் வந்திருக்கேன். இயந்திரம் எங்க இருக்கு?"

நிலவறைக்குக் கூட்டிப்போனார். இயந்திரம் ஒரு மூலையில் பூனைபோல் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. வீட்டைச் சூடாக்கிய பழைய எரிவாயு உலை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் ஒரு சதுரம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. ரெனே தகட்டில் இருந்த எண்ணைப் படமெடுத்தாள். தனி மீட்டரைப் பார்த்தாள். தண்ணீர் உள்ளே வரும் சூட்டையும் வெளியே போகும் சூட்டையும் குறித்துக்கொண்டாள். எல்லாம் சரியாக இருந்தது. கோர்டி மூன்றடி தள்ளி நின்றார். அவள் நகர்ந்தால் நகர்ந்தார், மூன்றடி மூன்றடியாகவே இருந்தது.

பிறகு தாளில் இருக்கும் கேள்விகள். எட்டு வீடுகளில் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தது. பதில் வருமுன்பே பேனா குறி போட்டுவிடும்.

"பள்ளம் யார் தோண்டினது?"

"நான்தான். என்கிட்ட தோண்டுற வண்டி இருக்கு."

"அது பரவால்ல. குழாய் இணைப்பு எல்லாத்தையும் சான்றிதழ் வெச்சிருக்கவர்தான் ஒட்டினாரு, இல்லையா?"

தாளின் அடியில் குழாய்க்காரர் ட்ரவிஸின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அவள் பேனா கட்டத்தைத் தொட்டுவிட்டது.

"இல்ல," என்றார் கோர்டி.

ரெனே நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசி ஒண்ண நான் ஒட்டினேன். ட்ரவிஸோட பொண்டாட்டிக்கு அன்னிக்கு வலி எடுத்துருச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, இத்தன நேரமா பாத்துக்கிட்டுதான நின்ன, நீயே சூடு காட்டி ஒட்டிருன்னு கருவியக் குடுத்துட்டு ஓடிட்டாரு. ஒட்டி மூடிட்டேன். இதுவரைக்கும் ஒழுகல."

"அவரு எல்லாம் நான்தான்னு கையெழுத்து போட்டிருக்காரே."

"போட்டிருக்காரு."

"அப்புறம் இதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

கோர்டி தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "நீங்க கேட்டீங்க," என்றார்.

சங்கத்தின் விதி தெளிவானது. சான்றிதழ் இல்லாதவர் ஒட்டிய இணைப்பு ஒன்று இருந்தாலும் மானியம் இல்லை, பாதி விலை மின்சாரமும் இல்லை. ரெனே அந்தக் கட்டத்தில் குறி போடாமல், பக்கத்தில் அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். தாளின் தலையில் 'தகுதி இல்லை' என்று போட்டாள். அவர் அதைத் தலைகீழாகப் படித்தார். நிலவறைப் படியில் அவளை முன்னால் போகவிட்டார்.

மறுநாள் காலை ராண்டல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தார்.

"யாருக்குத் தெரியப்போவுது ரெனே? ட்ரவிஸ் கையெழுத்து இருக்குல்ல. குறிய போட்டுட்டு வந்திருக்க வேண்டியதுதான?"

"அவரு இல்லேன்னு சொன்னாரு. நான் எழுதினேன்."

"வேற யாராவது சொல்லியிருந்தா எழுதியிருப்பியா?"

"வேற யாரும் சொல்லலையே."

ராண்டல் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லல. ஊருல என்ன பேசுவாங்கன்னுதான் பாக்கறேன்."

ஊர் பேசியது. நானூறு பேர் இருக்கிற ஊரில் பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது? மதியம் காபி எடுக்கப் போனபோது, பில் பணம் வாங்குகிற ஆர்டிஸ் தட்டில் இருந்த பூசணிப் பணியாரத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் கண்ணடித்தாள்.

"நல்லா வெச்சு செஞ்சுட்டியாமே அந்த மனுஷன. எடுத்துக்கோ, ரெண்டா எடுத்துக்கோ. உன் எடத்துல நானா இருந்தா இயந்திரத்தையே பேத்து எடுத்துட்டு வந்திருப்பேன்."

"விதிப்படிதான் எழுதினேன் ஆர்டிஸ்."

"ஆமாமா. விதிப்படிதான்."

ரெனே பணியாரத்தை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்கு வந்தாள். பழி வாங்கத்தான் செய்தோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கோபத்தில் செய்திருந்தால் உள்ளே கொஞ்சமாவது சுட்டிருக்கவேண்டும், இல்லை குளிர்ந்திருக்கவேண்டும். இருட்டு அலமாரிக்குள் கைவிட்டுத் துழாவுகிற மாதிரி துழாவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. பணியாரம் தீர்ந்திருந்தது. எப்போது தின்றாள் என்றும் தெரியவில்லை.

கர்ட்டுக்கு விஷயம் கடைத்தெருவில் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "கேள்விப்பட்டேன்," என்றான். அவள் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனான். மூன்று வருஷத்தில் அவன் அவளைப் பாராட்டி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாலைந்து நாள் கழித்து, வேறொரு வீட்டு நிலவறையில், வேறொருவரிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் அவர். "ஆமாமா, எல்லாம் அவர்தான், சந்தேகமே வேண்டாம்," என்று அவசரமாகச் சொன்னார். சொன்ன வேகத்தைப் பார்த்தால் பொய் என்று தெரிந்தது. நிரூபிக்க வழியில்லை. குறி போட்டாள். காருக்கு வந்து சாவியைப் போட்டுவிட்டு, கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். ஆயிரத்து அறுநூறு டாலர், அதற்குமேல் ஆயுசுக்கும் பாதி விலை மின்சாரம். ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும். அந்த ஆள் 'இல்லை' என்றார். நீங்கள் கேட்டீர்கள் என்றார்.

ஷெரிஃபும் கேட்டிருப்பார்.

கண்ணாடியில் அவள் மூச்சு படிந்து உறைந்துகொண்டிருந்தது. கையுறையால் துடைத்தாள். மறுபடி படிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு வண்டியை எடுத்தாள்.

இருபதாம் தேதி அலுவலகத்துக்கு ட்ரவிஸ் போன் செய்தான்.

"ரெனே, என்னைத் திட்டணும்னா திட்டிடுங்க. ஆனா நாளைக்கு வரமுடியுமா? கோர்டி பள்ளத்தைத் திரும்பத் தோண்டிட்டாரு. அந்த இணைப்ப வெட்டிட்டு நானே புதுசா ஒட்டப்போறேன்."

"மண்ணு உறைஞ்சிருக்குமே."

"ரெண்டடிக்குக் கல்லு மாதிரி. ரெண்டு நாள் தோண்டினாரு. வண்டியோட பல்லு ஒண்ணு ஒடைஞ்சிருச்சு. மனுஷன் மூச்சு விடல. எனக்குத்தான் அவரப் பாக்கவே கூசுது."

"கொழந்த எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ராத்திரி பூரா கத்துது," என்றான் ட்ரவிஸ். சொல்லிவிட்டு, யாரிடம் என்ன பேசுகிறோம் என்று உறைத்ததுபோல், "சரி, நாளைக்கு," என்று வைத்துவிட்டான்.

மறுநாள் ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்கும் எட்டு டிகிரி கீழே இருந்தது. காற்றில்லாததால் நல்ல நாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வீட்டின் பின்னால் பனியில் ஒரு கறுப்புக் காயம்போல் பள்ளம் திறந்து கிடந்தது. அதற்குள் ட்ரவிஸ் மண்டியிட்டு, குழாயின் இரண்டு நுனிகளையும் சூட்டுக்கருவியில் பிடித்து, இளகியதும் ஒன்றோடொன்று அழுத்தினான். மனசுக்குள் எண்ணினான். கையை எடுத்தான். ரெனே ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள், படமெடுத்தாள். அழுத்தம் ஏற்றி மீட்டரைப் பொருத்தினார்கள். இனி ஒரு மணி நேரம் ஊசி அசையக்கூடாது.

"நான் கொஞ்சம் வண்டில போய் கைய சூடு பண்ணிக்கறேன்," என்று ட்ரவிஸ் நழுவினான்.

கோர்டியின் மனைவி லவோன் சமையலறை ஜன்னலைத் திறந்து, "ரெனே, உள்ள வந்து உக்காரும்மா, அடுப்பு எரியுது," என்று கூப்பிட்டாள். "பரவால்ல லவோன், மீட்டரப் பாக்கணும்," என்றாள் ரெனே. ஜன்னல் மூடிக்கொண்டது. கொஞ்சம் கழித்து கோர்டி பிளாஸ்கின் மூடியில் காபி ஊற்றி, தோண்டிக் குவித்த மண்மேட்டின்மேல் அவள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு மூன்றடி விலகி நின்றார்.

ஊசி அறுபதில் நின்றது. பதினைந்து நிமிஷம் போயிற்று.

"அவ நின்னாளா?" என்றாள் ரெனே.

எதைக் கேட்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

"இல்ல."

"வேகத்தக் கொறச்சாளா?"

"இல்லம்மா. ஒரே சீரா வந்தா. ரோட்டுல இன்னும் பலகையே வரலேங்கிற மாதிரி."

"நீங்க தூங்கிட்டீங்களா?"

"இல்ல. நாலு மணி நேரம் படுத்து எந்திரிச்சுட்டுதான் அன்னிக்கு வண்டிய எடுத்தேன். களைப்புதான். ஆனா முழிச்சிருந்தேன். பிரேக்க மிதிச்சேன். இருபது டன்னு பாரம், நிக்கல." அவர் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தூங்கியிருந்தேன்னா சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தா எனக்கும்கூட... இல்ல, அத விடுங்க."

"சொல்லுங்க."

"அப்படி இருந்திருந்தா என்னை உள்ள போட்டிருப்பாங்க. ஏதோ ஒண்ணு நடந்த மாதிரியாவது இருந்திருக்கும். ஒண்ணுமே நடக்கல. அடுத்த வருஷமும் அதே ரோட்டுல பீட்ரூட் ஓட்டினேன்."

ரெனே காபியை எடுத்துக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

"அவ உங்களப் பாத்தாளா?"

அவர் பள்ளத்திலிருந்து கண்ணை எடுத்தார். "கடைசில பாத்தா," என்றார். "பயந்த மாதிரி இல்ல. யாரோ தெரிஞ்சவங்களப் பாத்த மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான் நேரம்."

ரெனே தலையாட்டினாள். உள்ளே ஏதாவது உடையும் என்று காத்திருந்தாள். உடையவில்லை. கால் விரல்கள் மரத்துவிட்டிருந்தன. அவற்றை பூட்ஸுக்குள் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். பெண் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று இந்த மனிதருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியப்போவதில்லை. பாட்டை மாற்றக் குனிந்திருக்கலாம், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று நினைத்திருக்கலாம், எதையுமே நினைக்காமல் இருந்திருக்கலாம்.

ஒரு மணி நேரம் முடிந்தபோதும் ஊசி அறுபதில்தான் இருந்தது. அவள் தாளில் கையெழுத்துப் போட்டாள். பேனா மை உறைந்திருந்ததால் பென்சிலில் போட்டுவிட்டு, காருக்குள் போய் மேலே மையால் எழுதினாள். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். லவோன். மேல்கோட்டுகூடப் போடாமல் ஓடிவந்திருந்தாள். கையில் துணியில் சுற்றிய பொட்டலம், உருளைக்கிழங்கு மாவில் அன்று சுட்ட லெஃப்சா என்ற மெல்லிய ரொட்டி.

"நிறைய சுட்டுட்டேன்," என்றாள். "வேணாம்னா வழியில தூக்கிப் போட்டுடு. எனக்குத் தெரியவேணாம்."

ரெனே வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

அன்று சாப்பாட்டுக்கு முன்னால் அதை மேஜையில் எடுத்து வைத்தாள். கர்ட் ஒன்றை எடுத்து, வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவி, சுருட்டிக் கடித்தான்.

"கடையில வாங்கினதில்ல போலிருக்கே. யாரு குடுத்தது?"

"லவோன் நெல்லர்மோ."

மெல்லுவது நின்றது.

"அவங்களுக்குக் கையெழுத்து போட்டுட்டேன்," என்றாள். "திரும்பத் தோண்டி ஒழுங்கா செஞ்சுட்டாங்க. சரியா இருந்துச்சு."

"அந்த ஆளுக்கா?"

"நான் அவருகிட்ட கேட்டேன் கர்ட். அவ நிக்கலயாம்."

"அத அவன் மூணு வருஷமா சொல்லிட்டுதான இருக்கான்!"

"பொய் சொல்லத் தெரியாத ஆளு அது. பணம் போகும்னு தெரிஞ்சும் எங்கிட்ட உண்மையச் சொன்னாரு. இதுல மட்டும் ஏன் பொய் சொல்லப்போறாரு?"

"ஒரு குழாய்க்காக நீ அவன நம்பிடுவியா? நம்ம பொண்ண விட்டுட்டு?"

"நான் அவள விடல."

கர்ட் கையிலிருந்த பாதி லெஃப்சாவைத் தட்டில் வைத்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான், எங்கே போவதென்று தெரியாமல் குளிர்பெட்டிவரை போய்த் திரும்பி வந்தான். அவன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தினாலும் சரி என்றுதான் இருந்தது அவளுக்கு. அவன் மறுபடி உட்கார்ந்தான்.

"சரி, அவன் சொல்றது நெசம்னே வெச்சுக்கோ," என்றான், குரல் இறங்கி. "அப்ப நான் இனிமே யார் மேல கோவப்படுறது?"

ப்ரிட்டா மேலா? பத்தொன்பது வயதுப் பெண் மேல், ஒரு நிமிஷம் கவனம் தப்பியதற்காகவா? அவன் ரெனேவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் அழவில்லை. இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் சுட வைத்திருந்த ஹாட்டிஷ் கருகுகிற வாசனை வந்தது. அவள் எழுந்துபோய் வெளியே எடுத்தாள், இந்தத் தடவை கையுறை போட்டுக்கொண்டு. ஓரம் மட்டும்தான் கருகியிருந்தது. இரண்டு தட்டில் போட்டார்கள், சாப்பிட்டார்கள். பாதியில் கர்ட், "உப்பு கம்மி," என்றான். அவள் உப்பை நகர்த்தினாள். கடைசியில் அந்தப் பாதி லெஃப்சாவையும் அவன் தின்றான். எதற்காகத் தின்றான் என்று அவள் கேட்கவில்லை.

ஜனவரி நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பதினொரு வீட்டுக்கும் மானியம் நிறைவேறியது. "நெல்லர்மோவுக்கு முதல்ல இல்லேன்னு இருந்ததே?" என்று ஒருவர் கேட்டார். "திருத்திட்டாங்க, நேர்ல பாத்தேன்," என்றாள் ரெனே. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். பிப்ரவரியில் காசோலைகள் தபாலில் போயின. ஆர்டிஸ் கொஞ்ச நாள் அவளிடம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, ராண்டல் மருமகளின் கல்யாணத்தில் நடந்த கூத்து ஒன்று கிடைத்ததும் எல்லாவற்றையும் மறந்து ஓடிவந்து சொன்னாள். ரெனே சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள்.

கர்ட் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஆனால் 'அந்த ஆளு' என்று சொல்வதை விட்டுவிட்டான். வேறு பெயரும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு பகல். ரெனே மீட்டர் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். எதிரில் ஒரு பிக்கப் வண்டி வந்தது. கிட்டத்தில் வந்ததும் உள்ளே கோர்டி என்று தெரிந்தது. அந்தப் பக்கத்தில் எதிரே வருகிறவர் யாரானாலும் ஸ்டியரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். கோர்டி தூக்கவில்லை. தூக்கலாமா என்று யோசித்திருப்பார், அல்லது பயந்திருப்பார்.

ரெனே ஒரு விரலைத் தூக்கினாள். அவர் பார்த்தாரா என்று தெரிவதற்குள் வண்டிகள் ஒன்றையொன்று தாண்டிவிட்டன. கண்ணாடியில் பார்த்தாள். அவருடைய வண்டி வேகம் குறைந்து, கொஞ்ச தூரம் மெதுவாக ஊர்ந்து, பிறகு சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனது. அவளுக்கு அதற்குமேல் இரண்டு மீட்டர்கள் பாக்கி இருந்தன.